பொம்பிளைப் பகுதிக்கு ஒரு இளவரசி

எனக்குக் கை கொடுக்கத் தெரியாது என்று இந்த நாட்டில் முதன்முதலாகச் சொன்னவர் ஒரு இளவரசி. பட்டப்பெயர் இல்லை, உண்மையான இளவரசி. சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த அதே கட்டடத்தின் பதினேழாம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருந்தார். வயதானவர்களின் வீட்டுக்குப் போய்க் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. முதல் நாள் கதவைத் திறந்தவர் உள்ளங்கை நிலம் பார்க்கக் கையை நீட்டினார். நான் பிடித்துக் குலுக்கினேன். அவர் கையை இழுத்துப் பாவாடையில் துடைத்துவிட்டு, "கையைத்தான் தந்தேன், தண்ணீர்ப் பம்பை அல்ல" என்றார்.

விரல் நுனியைத் தொட்டு, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, உடனே விட்டுவிட வேண்டுமாம். "என்ர முழங்கால் மடிஞ்சால் பிறகு நிமிராது, வாங்கோ குளிப்பம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நான் குளியலறைக்குள் போனேன். அவர் பேசியது நாலைந்து நாட்டு வாடை அடிக்கும் ஆங்கிலம். அதை என் தமிழில்தான் இங்கே தருகிறேன். கொடுமையில் நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

எந்த நாட்டு இளவரசி என்று சொல்ல மாட்டேன். ராசாவைத் துரத்திவிட்டு, பிறகு தன் பெயரையும் மாற்றிக்கொண்ட ஒரு ஐரோப்பிய நாடு. கட்டடத்துத் தமிழ்ச் சனம் அவரை மகாராணி என்றது. "மகாராணி லிஃப்ற்றுக்குள்ள நிக்கிறா, அடுத்ததில போவம்" என்பார்கள். லிஃப்ற்றின் நட்டநடுவில் நிற்பார், ஒரு அங்குலம் அரக்க மாட்டார். நானும் முதலில் நம்பவில்லை. வயது போனவர்கள் எத்தனையோ சொல்லுவார்கள், நாங்கள் ஓம் ஓம் என்று தலையாட்டுவதுதானே. ஒருநாள் கோட்டும் சூட்டுமாக ஒரு கிழவர் பூக்களோடு வந்து, என் கண்முன்னே ஒரு முழங்காலில் நின்று அவர் கையை முத்தமிட்டார். கிழவரின் கண்ணில் தண்ணீர். போன பிறகு யார் என்று கேட்டேன்.

"என் தகப்பனாரின் கார் ஓட்டியவரின் மகன். முழங்கால் நிலத்தில் படவில்லை, கவனித்தாயா?"

அதுதான் அவர். அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் ஆளை அளப்பது. யாருக்கு யார் சமம், யாருக்கு யார் போதாது. ரீவியில் செய்தி வாசிக்கும் புருசன் பெண்சாதியைப் பார்த்து, "இவள் இவனுக்குப் போதாது" என்பார். கண் பார்க்க வந்த டொக்ரரிடம் தகப்பனார் என்ன செய்தார் என்று விசாரிப்பார். அவர் தையல்காரர் என்று டொக்ரர் பெருமையாகச் சொன்னார். "தெரிகிறது" என்றார் இவர். அந்த மனுசன் நல்லவர், சிரித்துச் சமாளித்தார். எனக்கென்றால் தண்ணிக் கோப்பையை எடுத்துக் கிழவியின் தலையில் ஊற்ற வேண்டும்போல இருந்தது.

பிறந்தது அரண்மனையில் அல்ல. தகப்பன் முடியை விட்டு ஓடிவந்து, தெற்கே ஒரு கடற்கரை ஹோட்டலில் மூன்று அறை எடுத்திருந்தாராம். அதில் ஒரு அறையில் காலைதோறும் ராசசபை கூடும். மந்திரிமார் மூன்று பேர், அதில் ஒருவர்தான் காரும் ஓட்டுவது. இல்லாத நாட்டுக்குச் சட்டம் போட்டுவிட்டு மத்தியானம் எல்லோரும் சூப் குடிப்பார்களாம். சின்ன வயதில் ஒருநாள் இவர் ஹோட்டல் சமையல்காரரின் மகளோடு பின் முற்றத்தில் மாபிள் அடித்து விளையாடியிருக்கிறார். தாய் கண்டுவிட்டார். அடிக்கவில்லை. ஒரு பேசினில் ஐஸ் தண்ணீர் வைத்து, அந்தப் பிள்ளையைத் தொட்ட கையை அதற்குள் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார். இராச் சாப்பாடு வரைக்கும் நின்றாராம். சமையல்காரருக்கு அந்தக் கிழமையே வேலை போயிற்று.

"பாவம், அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"எந்தப் பிள்ளைக்கு?" என்றார்.

கலியாணக் கதை வந்தால்தான் அவருக்கு முகம் மலரும். பதினேழு வயதிலிருந்து தாய் இவரைக் கூட்டிக்கொண்டு உறவுக்கார அரச குடும்பங்களின் கோடை வீடுகளுக்கெல்லாம் போயிருக்கிறார். நல்ல சட்டை இரண்டே இரண்டு. கழுத்துப்பட்டியை மாற்றி மாற்றித் தைத்து ஆறேழு சட்டைபோலக் காட்டுவார்களாம். "இதை நாங்கள் கோயில் திருவிழாவில செய்யிறனாங்கள். பொம்பிளை காட்டுறது எண்டு சொல்லுவம்" என்று விளக்கினேன். அவருக்குப் பெரிய சந்தோசம். "அப்படியென்றால் நீங்களும் நாகரிகம் உள்ள ஆட்கள்தான்" என்றார். எங்களைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

முடி இழக்காத அரச குடும்பத்து இளவரசன் ஒருவன் இவரைப் பார்க்க வந்தானாம். ஜன்னல்வரை நடந்து திரும்பி வரச் சொன்னான். நடந்தார். சிரிக்கச் சொன்னான், பல்லைப் பார்க்க. சிரித்தார். பிறகு தேநீர் குடிக்கும்போது, காடுகளும் சுரங்கமும் யார் கையில் இருக்கின்றன என்று தாயிடம் விசாரித்தான். எல்லாம் புது அரசாங்கத்திடம் என்றதும், பின்னேர ரயிலுக்கே புறப்பட்டுவிட்டான். விடைபெறும்போது இவருக்குக் கை கொடுக்கவும் இல்லை.

நான் கேட்டேன்: "நாசமாய்ப் போவான். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"நான் என்ன சொல்வது? அவன் செய்தது முழுக்கச் சரி. நாங்கள் அவனுக்குப் போதாது."

அப்படித்தான் அவர் காலம் போயிற்று. சமமானவர்களுக்கு இவர் வேண்டாம், இவரை வேண்டியவர்கள் சமமில்லை. துணி ஆலை வைத்திருந்த பணக்காரர் ஒருவர், ஒரு பேராசிரியர், பெண்சாதி செத்த ஒரு தளபதி. தாய் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்து, போனபிறகு கோப்பையை இரண்டு முறை கழுவச் சொல்வாராம். சொல்லிவிட்டு இளவரசி சிரிப்பார். சும்மா சொல்லக்கூடாது, அந்த வயதிலும் அழகான சிரிப்பு.

இனி என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்தபிறகு வந்தவள். அம்மாவும் அப்பாவும் வன்னியிலேயே போய்விட்டார்கள். முப்பத்தாறு வயதில் இங்கே வந்து, விடியப்புறம் எழும்பிப் பாண் சுடும் ஃபக்டரிக்குப் போய், பின்னேரம் வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். கதை பேச்சு இல்லை. ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று அவளை இளவரசியிடம் அனுப்பினேன். எனக்கு மடியாத முழங்கால் அவளுக்கு மடிந்தது. அன்றிலிருந்து நாள் தவறாமல் நாலு மணிக்குப் பதினேழாம் மாடியில் தேநீர். எப்படி இருப்பது, எப்படி எழும்புவது, எந்தக் கரண்டி எதற்கு என்று கிழவி பழக்க, இவள் பழகினாள். "அவ என்னைப் பார்த்துக் கதைக்கிறா அக்கா. மற்றவை எல்லாம் என்னைப் பாவம் எண்டு பாக்கினம்" என்றாள். பெட்டை நிமிர்ந்து நடக்கிறாள் என்று சந்தோசப்பட்டேன்.

தங்கச்சிக்கு மட்டும் இளவரசி சொன்ன கதை ஒன்று உண்டு. அவள் என்னிடம் சொன்னாள். தகப்பனுக்கு வருத்தம் பார்க்க ஒரு இளம் டொக்ரர் வருவாராம். அவர் இவரைப் பெண் கேட்டார், நேராக, தாயிடமே. இனிமேல் வேலைக்காரர் ஏறும் பின்படியால் வரும்படி தாய் சொன்னார். அந்த மனுசன் கோபிக்கவில்லை. தகப்பன் சாகும்வரைக்கும் பின்படியாலேயே ஏறி வந்தாராம். இளவரசி தன் அறையில் இருந்து அவர் காலடிச் சத்தம் கேட்பார். ஒருநாளாவது எழும்பிப் போய்க் கதவைத் திறக்கவில்லை. எழும்ப அனுமதி இருக்கவில்லை என்றாராம்.

அந்தக் காலத்தில்தான் தங்கச்சிக்கு ஒரு இடம் சரிவந்தது. றிச்மண்ட் ஹில் கோயிலில் பழக்கமான ஒரு அன்ரி கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் ஃபக்டரியில் வேலை. நாற்பது வயது. யுத்தத்தில் செல் குண்டு பட்ட காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நடப்பார். தாயோடு இருந்தார். சாதகம் பொருந்திற்று, இரண்டு பேரும் ஃபோனில் கதைக்கத் தொடங்கினார்கள். தங்கச்சி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் கதைப்பாள். அந்தச் சத்தத்தையும் மீறிக்கொண்டு சிரிப்பு வரும். வன்னியால் வந்தபிறகு அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். இந்த மனுசன்தான் அவளுக்கு வேணும், வேறு ஒருத்தரும் வேண்டாம். அதை அவள் வாய்விட்டே சொன்னாள்.

இரண்டு பகுதியும் கூடியிருந்து பேசும் பேச்சுக்காலுக்கு நாள் வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "பிள்ளை, பொம்பிளைப் பகுதியில பெரியாக்கள் ஆர் இருப்பினம்?"

எங்கள் வழக்கம் அப்படி. எல்லாம் முன்பே பேசி முடிந்திருக்கும். இருந்தாலும் தேத்தண்ணி குடித்தபிறகு மாப்பிள்ளைப் பகுதி "அப்ப என்ன, செய்வமோ?" என்று சபையில் கேட்கும். பெண் பகுதிப் பெரியவர் "ஓம், சந்தோசம்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேலை, ஆனால் அவர் சொன்னால்தான் சொல். எங்களுக்கு இங்கே மாமனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. யாரை இருத்துவது என்று நான் மண்டையைப் போட்டு உடைக்க, தங்கச்சி சொன்னாள்: "அவவை விடப் பெரிய ஆள் ஆர் அக்கா? ராசாவின்ர மகள். அவை வாயடைச்சுப் போவினம்."

வேறு எந்தச் சனத்துக்கும் இந்தப் புத்தி வந்திராது. வெள்ளைக்காரி, அதுவும் ராச வம்சம், எங்கள் பக்கம் இருந்தால் எங்கள் எடை ஏறும் என்று நம்பினோம். தங்கச்சி மேலே போய் எல்லாம் விளங்கப்படுத்தினாள். "ஓம், சந்தோசம்" என்ற இரண்டு சொல்லையும் தமிழிலேயே பழக்கினாள். கிழவி அழகாகச் சொன்னார், எங்கள் சனத்தில் பாதிப்பேருக்கு அப்படி வராது.

அன்றைக்கு முத்துமாலையும் சாம்பல் நிறப் பட்டுமாக என் சோஃபாவில் வந்து இருந்தார். மாப்பிள்ளையின் தாய்க்குத் தலைகால் தெரியவில்லை. பக்கத்தில் இருந்து படம் எடுத்து, அந்த இடத்தில் இருந்தே அக்கா தங்கச்சிமாருக்கெல்லாம் அனுப்பினார். வாய்ப்பனும் வடையும் தேத்தண்ணியும் முடிந்தன. தங்கச்சி கதிரை நுனியில், பழக்கின மாதிரி முதுகு நேராக, வாய் திறக்காமல் இருந்தாள். பொம்பிளை சபையில் வாய் திறக்கக் கூடாதல்லவா.

"அப்ப என்ன, செய்வமோ?" என்று தாய் இளவரசியைப் பார்த்துக் கேட்டார்.

இளவரசி மாப்பிள்ளையைப் பார்த்தார். ஜன்னல்வரை நடந்துவிட்டு வரும்படி ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அவர்களின் முறை போலும் என்று மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே எழும்பி, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். பிறகு இளவரசி கையைக் காட்டச் சொன்னார். நகக்கண்ணில் ஃபக்டரிக் கறுப்பு, எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்பு. அப்பப்பா என்ன வைத்திருந்தார் என்று கேட்டார். மிளகாய்த் தோட்டம் என்று அந்த மனுசன் மரியாதையாகப் பதில் சொன்னார்.

"போதாது" என்றார் இளவரசி. "இந்தப் பெண்ணுக்கு நீங்கள் போதாது. தேநீரை முடித்துவிட்டு நீங்கள் போகலாம்."

ஒஷாவாவில் வெள்ளைக்காரரோடு வேலை செய்கிறவருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. முகத்தில் இருந்த சிரிப்புப் போயிற்று. தாய் ஒன்றும் விளங்காமல் இன்னும் சிரித்துக்கொண்டு, "என்னவாம் தம்பி, என்னவாம்?" என்றார்.

"ஒண்டுமில்லை அம்மா. எழும்புங்கோ, போவம்."

"ஐயோ தம்பி, அவவுக்கு வயசு போட்டுது, விசர்க்கதை கதைக்கிறா" என்று நான் வாசல்வரை ஓடினேன், லிஃப்ற் வரை ஓடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அன்று பின்னேரம் தாய் ஃபோனில் கத்தினார். "ஒரு வெள்ளைக்காரியைச் சபையில வைச்சு என்ர பிள்ளையின்ர காலைப் பழிச்சனியள். நல்லாய் இருங்கோ!" பெரியவர் என்று நாங்களே இருத்திய ஆள் சொன்ன சொல். அதைத் திருப்பி எடுக்க எங்களிடம் முறை இல்லை.

தங்கச்சி மாப்பிள்ளைக்கு ஃபோன் எடுத்தாள். இந்த முறை குளியலறைக்குள் போகவில்லை, என் முன்னாலேயே கதைத்தாள். அவர் கோபிக்கவில்லையாம். ஒன்றுதான் கேட்டாராம்: "நீர் ஒரு சொல் சொல்லியிருக்கலாமெல்லோ?" அதோடு ஃபோன் வைத்தாயிற்று.

அடுத்த நாள் காலை நான் பதினேழாம் மாடிக்கு ஏறினேன். குளிக்க வார்க்க அல்ல.

"என்ன செய்துபோட்டீர்கள் என்று தெரியுமா? அவளுக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது" என்றேன்.

"தெரியும். அவள்தான் எனக்கு எல்லாம் சொல்வாளே."

"பிறகு ஏன்?"

என்னைப் பார்த்து, கண்ணை இமைக்காமல் சொன்னார். "ஒஷாவாவுக்குப் போய்விட்டால் நாலு மணிக்கு எனக்கு யார் வருவார்கள்? நீ முழங்கால் மடிக்க மாட்டாய்."

அவர் தொடர்ந்தார். "என் தாய்க்கும் என்னைத் தவிர யாரும் இருக்கவில்லை. நான் போயிருந்தால் அவர் வாடகை அறையில் இருக்கும் ஒரு கிழவி, அவ்வளவுதான். எனக்கு அது அன்றைக்கே தெரியும். நான் இருந்தேன். இவளும் இருப்பாள்."

வேலைச் சட்டையைக் கழற்றி அவர் கதிரையில் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். தங்கச்சியிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை. நாலு மணி வந்தது, போயிற்று. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மேலே போகவே இல்லை. கிழவி முத்துமாலை போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவைத்து இருக்கிறார் என்று எனக்குப் பதிலாக வேலைக்கு வந்த பெண் சொன்னாள். "இருக்கட்டும்" என்றேன். தங்கச்சிக்கும் வேறு இடங்கள் கேட்டு வந்தன. "வேண்டாம் அக்கா" என்பாள், ஏன் என்று கேட்டால் எழும்பிப் போய்விடுவாள். நாலைந்து வருசத்தில் கேட்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள்.

பிறகு ஒருநாள் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்து எங்கள் ஆள் ஒருத்தி ஃபோன் எடுத்தாள். இளவரசி அங்கேதான் இருக்கிறாராம், கடைசிக் காலமாம், நாள் முழுக்க ஒரே ஒரு தமிழ்ப் பெண்ணைத்தான் கேட்கிறாராம். நான் போக வேண்டாம் என்றேன். தங்கச்சி நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு, "வாங்கோ, போய் வருவம்" என்றாள்.

இளவரசிக்கு யாரோ செத்தவருடைய சுவெற்றரைப் போட்டு இருத்தியிருந்தார்கள். மார்பில் சூப் சிந்தியிருந்தது. தங்கச்சியைக் கண்டதும் கை எழும்பிற்று, உள்ளங்கை நிலம் பார்க்க. தங்கச்சி அதைத் தொடாமல் கதிரையை இழுத்துப் போட்டு எதிரே இருந்தாள்.

"நான் கலியாணம் முடித்துவிட்டேன்" என்றாள், ஆங்கிலத்தில், கிழவி பழக்கிய அதே உச்சரிப்பில்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"யாரை?"

"அவரைத்தான். நீங்கள் நடக்கவிட்டுப் பார்த்தவரை."

"நான் வேண்டாம் என்றேனே?"

"சொன்னீர்கள். நான் போய்விட்டேன்."

"எப்படிப் போனாய்?"

"பஸ்ஸில்."

கிழவியின் வாய் திறந்தபடி இருந்தது. "ஒருவரும் உன்னைத் தடுக்கவில்லையா?"

"தடுக்க யார் இருக்கிறார்கள்? எழும்பினேன், போனேன். அவ்வளவு லேசு. உங்களையும் ஒருவரும் பிடித்துக் கட்டி வைத்திருக்கவில்லை. அந்த டொக்ரர் உங்களுக்காகத்தானே பின்படியால் ஏறி வந்தார்? நீங்கள் எழும்பியிருக்கலாம்."

பிறகு எல்லாம் சொன்னாள். ஒஷாவாவில் வீடு. பின்வளவில் செர்ரி மரம். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் அவரைப் போல, இளையவள் இவளைப் போல. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பார்களாம், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காதாம். ஒவ்வொரு நாளும் சிரிப்பார்களாம். சத்தம் உயராமல், அவசரப்படாமல், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கிழவி முகத்தை மூடாமல் அழுதார். மற்றவர் முன்னால் அழக்கூடாது என்று இவளுக்குப் பழக்கியவர், மூக்கு வடிய, சின்னப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதார். நான் வாய் திறக்கவில்லை. எனக்கும் அது இனித்தது. அடுத்த கிழமை அவர் போய்விட்டார், நாங்கள் செத்தவீட்டுக்குப் போகவில்லை.

அன்று இல்லத்தில் இருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல சனம். இரண்டு பேருக்கும் இடம் கிடைக்க நாலைந்து தரிப்பு ஆயிற்று. தங்கச்சி ஜன்னல் பக்கம் இருந்தாள்.

"அக்கா, அவர் உண்மையில கலியாணம் கட்டிட்டாரோ?"

இத்தனை வருசமும் அவள் கேட்காததை நானாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். "ஓம். அடுத்த வருசமே தாய் செய்து வைச்சிட்டா."

"பிள்ளையள்?"

"ரெண்டு பெடியங்கள் எண்டு கேள்வி."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டு, "நான் ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள் எண்டெல்லோ சொல்லிப்போட்டன்" என்றாள்.